கொத்தி கேட்ட சாராயம்

என்னைக் கொத்திப் பேய் பிடித்தது என்றுதான் எங்கள் குடியேற்றத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் சொல்கிறார்கள். பாவம் கொத்தி. செய்யாத குற்றத்துக்கு அவள் பெயர் கெட்டுப்போனது. குடித்தது நான். ஏறக்குறைய இரண்டு வருடம் குடித்தேன், சாகக் கிடந்தேன், வவுனியா ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு நாள் கிடந்து எழும்பி வந்தேன். நிறுத்தி இப்போது நாலு வருடமாகிறது. இதை எழுத வெட்கமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இதே வருத்தத்தோடு, இதே நோயோடு, எந்த வீட்டு அடுப்படிக் குசினிக்குள் எவள் ஒளிந்திருக்கிறாளோ, அவளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ஆம்பிளை குடித்தால் புத்தி சொல்ல நாலு பேர் வருவார்கள். பொம்பிளை குடித்தால் அப்படியொன்று நடக்கவேயில்லை என்று அந்த நாலு பேரும் சேர்ந்து மறைப்பார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து, இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்தவர்கள். மூன்று ஏக்கர் வயல், ஒரு துண்டு மேட்டுக்காணி. என் கணவர் கந்தையா பத்து வார்த்தை தேவைப்படும் இடத்தில் ஒன்றரை வார்த்தையோடு நிறுத்திக்கொள்பவர். மிச்சத்தையும் சேர்த்து நான் பேசுவேன். அவருடைய தமக்கை இராசம்மா மச்சாள், கணவனை இழந்தவ, எங்களோடுதான் இருந்தா. அவவுக்கு என்மேல் உயிர். அந்த அன்புதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஆட்கள் காயச்சரக்கு கொடுப்பார்கள். மிளகு, மஞ்சள், கொத்தமல்லி, உள்ளி எல்லாம் அம்மியில் வழுவழுவென்று அரைத்து வைக்கும் குழம்பு. அதோடு உடம்பு முறுகவேண்டும், குளிர் போகவேண்டும் என்று ஒரு சின்னக் கிளாஸ் சாராயமும் தருவார்கள். புருசனுக்கு முன்னால் வாய்விட்டுச் சிரிக்கவே கூச்சப்படுகிறவளுக்கும் அந்த ஒரு மாதம் சாராயம் மருந்து. முப்பத்தோராம் நாள் துடக்கு, அதுதான் தீட்டு, கழிந்ததும் போத்தல் மறைந்துவிடும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் விழுங்கினேன்.

மூன்றாவது ஆண் குழந்தை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்து, வண்டில் பூட்டி முடிப்பதற்குள் என் மடியிலேயே போய்விட்டான். பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது. கண்ணை மூடினால் அவன் முகம். மச்சாள் சாராயத்தை நிறுத்தவில்லை. பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புதானே என்றா. அந்தக் கிளாஸ் உள்ளே போனால் ஒரு மணித்தியாலம் எதுவும் நோகாது. உண்மையைச் சொல்கிறேன், முப்பத்தோராம் நாள் அந்தப் போத்தல் போனதை நினைத்தும் அழுதேன்.

அறுவடைக்கு வரும் வெட்டுக்காரருக்கென்று அவர் வாங்கி வைத்த சாராயத்தில்தான் முதலில் கை வைத்தேன். எடுத்த அளவுக்குத் தேயிலைச் சாயம் விட்டு நிரப்பினேன். “இந்த முறைச் சாராயம் துவர்க்குதே” என்று வெட்டுக்காரர் முகம் சுளித்தார்கள். நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். பிறகு காட்டோரத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சும் ஒருத்தியிடம் நெல்லைக் கொடுத்து வாங்கப் பழகினேன். கசாயப் போத்தல்களில் விட்டு வைக்கல் போருக்குள் ஒளித்தேன். வாய்மணத்துக்கு உள்ளியும் வெற்றிலையும். முதலில் நித்திரைக்காகக் குடித்தவள், ஆறு மாதத்துக்குள் விடியற்காலையில் கை நடுங்காமல் அடுப்பு மூட்டுவதற்காகக் குடித்தேன்.

பயம் வந்துவிட்டது. அந்த ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். முருகனுக்காக ஆறு நாள் தொடாமல் இருந்தால் ஏழாம் நாளும் தொடமாட்டேன் என்று நினைத்தேன். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. முதல் நாள் தலையிடி. இரண்டாம் நாள் கை நடுக்கம், சேலை நனைய வேர்வை. மூன்றாம் நாள் மத்தியானம் சுவர் முழுக்கக் கட்டெறும்பு ஊர்ந்தது. விளக்குமாற்றால் அடிக்க அடிக்கப் பெருகியது. கிணற்றுப் பக்கமிருந்து என் குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஓடினேன். மச்சாள் கட்டிப் பிடித்திராவிட்டால் கிணற்றுக்குள்தான் போயிருப்பேன்.

“ஐயோ தம்பி, ஓடி வாடா! இது கொத்தியடா! பிள்ளையைக் கொண்டுபோனவள் இப்ப தாயையும் கேக்கிறாள்!”

கொத்தி என்பது பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றித் திரிகிற பெண் பேய். சோறும் மீனும் சாராயமும் வைத்து அவளைத் திருப்திப்படுத்தி அனுப்பவேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் படையல் ஒழுங்காகச் செய்யவில்லை என்று மச்சாளுக்கு முன்பே மனக்குறை. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பது பழமொழி. எங்கள் வீட்டில் பேய்க்குத்தான் முதலில் பார்த்தார்கள்.

பூசாரியார் வந்தார். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன், நம்பித்தான் செய்தார். வேப்பிலையால் அடித்தார், திருநீறு போட்டார். “ஆரடி நீ? என்னடி வேணும் உனக்கு?” என்று அதட்டினார். எனக்கு வேண்டியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

“சாராயம்” என்றேன்.

சிரட்டையில் ஊற்றித் தந்தார்கள். முருகனும் விரதமும் எங்கே போனதென்று தெரியாது. ஒரே இழுவையில் குடித்தேன். கால் மணித்தியாலத்தில் நடுக்கம் தணிந்தது. எறும்பைக் காணவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. நான் எழும்பிச் சேலையைச் சரிசெய்தேன். முற்றத்தில் நின்ற சனம் கையெடுத்துக் கும்பிட்டது.

“பாத்தியோ தம்பி, கேட்டதைக் குடுத்த உடன அடங்கிட்டாள்” என்றா மச்சாள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளிகளில் கொத்திக்குச் சாராயம் என்று நேர்த்திக்கடன். இடையில் நடுங்கினால் இடையிலும். போதாததற்கு வைக்கல் போர் இருந்தது. குடிகாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது. என் கணவரே சைக்கிளில் போய் வாங்கி வந்தார், ஒரு வார்த்தை பேசாமல். குடிகாரி என்றால் காறித் துப்பியிருக்கும் ஊர், கொத்தி பிடித்தவள் என்றதும் ஐயோ பாவம் என்று முட்டை கொண்டுவந்து தந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்குமேல் கொத்தி செழிப்பாக இருந்தாள், நான்தான் காய்ந்துபோனேன். கண் மஞ்சளானது. கால் வீங்கியது. சோற்றைக் கண்டால் ஓங்காளித்தது.

அடுத்த மாரியில் வெள்ளம் பாதையை மூடியது. இரண்டு நாள் அவரால் சைக்கிளை எடுக்க முடியவில்லை, கசிப்புக்காரியும் அக்கரையில். மூன்றாம் நாள் காலை குசினிக்குள் விழுந்தேன். வலிப்பு. நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். மச்சாள் பூசாரியாருக்கு ஆள் அனுப்ப வெளிக்கிட, கணவர் மறித்தாராம். “இல்லை. ஆஸ்பத்திரி.” உழவு மிசின் பெட்டியில் வைக்கல் பரப்பி என்னைக் கிடத்தி, வெள்ளத்துக்குள்ளால் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு லொறியில் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுக என் தலை அவருடைய மடியில் இருந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாலு நாளும் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். நடுக்கத்தை அடக்கி நித்திரையாக்க பரல்டிகைட் என்று ஒரு மருந்து தந்தார்கள். அழுகின பழத்தோடு மண்ணெண்ணெய் கலந்ததுபோல் ஒரு நாற்றம். அது மூச்சிலும் வேர்வையிலும் திரும்பி வரும். பெண்கள் வார்டே மூக்கைப் பொத்தியது. அதோடு தினமும் வைட்டமின் ஊசி. குடிக்கிற உடம்பில் சத்து ஒட்டாதாம், நரம்பும் மூளையும் பட்டினி கிடக்குமாம், அதற்குத்தான் அந்த ஊசி. அவித்து அவித்து மொட்டையான ஊசிகள். என் இடுப்பு நாற்று நட்ட வயல் போலாகிப்போனது.

ஐந்தாம் நாள் பெரிய டொக்டர் வந்தார். தலை நரைத்தவர். என் கணவரையும் மச்சாளையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் கட்டிலடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எவ்வளவு குடிக்கிறனீங்கள், பிள்ளை?”

இவ்வளவு காலத்தில் என்னை இப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

“நான் குடிக்கிறேல்லை ஐயா. கொத்திதான் குடிக்கிறது.”

அவர் சிரிக்கவில்லை. பேனையைத் திறந்தார். “சரி. கொத்தி எவ்வளவு குடிக்கும்?”

“நாளைக்கு அரைப் போத்தல். சில நாளைக்கு முக்கால்.”

“விடியக் காலமையே துவங்கிவிடுமோ?”

“ஓம். அடுப்பு மூட்ட முன்னம்.”

“ஒளிச்சு வைக்கிறதோ?”

“ஓம்” என்றேன்.

“அந்தக் கொத்தியின்ர ஈரல் வீங்கிப்போச்சு பிள்ளை. ஆனால் ஊசி குத்துறதுக்கு அவள் வரேல்லை. நீங்கள்தான் வந்து கிடக்கிறியள்.”

விம்மி விம்மி அழுதேன். அவர் எழும்பிப் போகவில்லை. அழுது முடியும்வரை இருந்து, விரதத்தில் நடந்ததையும் சிரட்டையையும் கேட்டறிந்து, பிறகு விளங்கப்படுத்தினார்.

“உடம்பு சாராயத்துக்குப் பழகிட்டுது. திடீரெண்டு நிப்பாட்டினால் குழம்பும். கை நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரும். ஆஸ்பத்திரியில வைச்சு மருந்து குடுத்துத்தான் நிப்பாட்ட வேணும். நீங்கள் வீட்டில திரும்ப ஊத்தினீங்கள். ஊத்தினால் அடங்கும். அடங்கின உடன மருந்து பலிச்சிட்டுதெண்டு எல்லாரும் நினைப்பினம். அந்த மருந்துதான் வருத்தம்.”

“அப்ப நான் கெட்டவள் இல்லையோ ஐயா?”

“சீனி வருத்தக்காரர் கெட்டவையோ? இதுவும் ஒரு வருத்தம். ஆனால் இதை ஒளிக்க ஒளிக்கக் கூடும்.” பிறகு குரலை இறக்கினார். “இனி ஒரு சொட்டும் கூடாது. காயச்சரக்கோடயும் கூடாது, கொத்திக்கெண்டும் கூடாது. இன்னொருக்கா இப்பிடி வந்தீங்களெண்டால் நான் காப்பாத்துவன் எண்டு சொல்லமாட்டன்.”

“அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ ஐயா. உங்களைக் கும்பிட்டன். ஈரல் வருத்தம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“நான் சொல்லேல்லை. ஆனால் நீங்கள் சொல்லாட்டில் வீட்டுக்காரர் அன்பிலயே ஊத்துவினம்.”

இந்தச் சொல்தான் மிச்ச நாள் முழுக்க என்னைத் தின்றது. சொல்லாவிட்டால் சாவு. சொன்னால், ஒன்பது வயதில் எனக்கொரு மகள் இருக்கிறாள், சாந்தி. கொத்தி பிடித்தவளின் மகளை நாளைக்கு எவனாவது கட்டுவான். குடிகாரியின் மகளை?

வார்டில் சுவருக்கும் காது. எதிர்க் கட்டிலில் பாம்பு கடித்துக் கால் வீங்கிக் கிடந்த முள்ளியவளைக்காரி ஒருத்தி, இரண்டு நாள் என்னோடு வாயோயாமல் கதைத்தவள், விஷயம் காதில் விழுந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தண்ணீர்க் கூசாவை எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் வந்தார். குத்தரிசிக் கஞ்சி, துவைத்த சேலை, பிள்ளைகளின் கதை. ஒருநாள் என் தலையைப் பார்த்தார். மூன்று கிழமை வாராத சடை. மடியிலிருந்து சீப்பை எடுத்து, அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, சிக்கெடுக்கத் தொடங்கினார். எருமைக்கு உண்ணி பிடுங்கிப் பழகிய கை, நோகாமல் எடுத்தது. “விடுங்கோப்பா, சனம் பாக்குது” என்றேன். “பாக்கட்டும்” என்றார். இந்த மனிதரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு உடம்பு கூசியது.

அன்று அவர் போனபின் பையைப் பிரித்தேன். சேலை மடிப்புக்குள் ஒரு டொனிக் போத்தல். மச்சாள் அவருக்குத் தெரியாமல் வைத்துவிட்டா. கொத்தி ஆஸ்பத்திரியில் தேடுவாளே என்ற கவலை. மூடியைத் திருகினேன். மணம் வந்ததும் வாயெல்லாம் நீர் ஊறியது. என் கை அதைப் பாதி தூரம் தூக்கிவிட்டது, நான் தூக்கவில்லை, கைதான் தூக்கியது. “மிஸி! மிஸி, ஓடி வாங்கோ!” என்று வார்டே அதிரக் கத்தினேன்.

மேரி மிஸி, எங்கள் வார்டுத் தாதி, முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. ஓடி வந்து போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கவில்லை. “வாங்கோ அக்கா, நீங்களே ஊத்துங்கோ” என்று தோளைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கூட்டிப்போனாள். ஊற்றினேன். “எங்கட அப்பு உப்பிடி ஒரு நாளும் கத்தேல்லை. கத்தியிருந்தால் இண்டைக்கு இருந்திருப்பார்” என்றாள். மறுநாள் விடிய, கூசா பழைய இடத்துக்கு வந்திருந்தது. முள்ளியவளைக்காரி மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. “இந்தா, தண்ணியைக் குடி” என்றாள்.

இருபத்துநாலாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தரம் வாயெடுத்தேன். மூன்று தரமும் வெள்ளம் வடிந்ததைப் பற்றிப் பேசினேன்.

வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறையச் சனம். பின்னேர வெயில். பூசாரியார் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். வாழையிலையில் சோறு, சுட்ட கருவாடு, முட்டை, பக்கத்தில் சிரட்டை நிறையச் சாராயம்.

“கடைசி முறை, பிள்ளை” என்றா மச்சாள், என் கன்னத்தைத் தடவி. “வயிறு நிறையக் குடுத்து ஒரேயடியா அனுப்பிவிடுவம்.”

சாந்தி வாசற்படலையடியில் தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தேன். சிரட்டையைப் பார்த்தேன். ஈரல் வருத்தத்துக்குச் சாராயம் கூடாதாம் என்று சொல்லித் தப்பலாமா என்றுகூட யோசித்தேன். அது இன்றைக்குத்தான் உதவும். அடுத்த முறை கை நடுங்கினால்?

“மச்சாள், கொத்தி ஒண்டும் குடிக்கேல்லை. நான்தான் குடிச்சனான்.”

சனம் பூசாரியாரைப் பார்த்தது. பிறகு பூசாரியார் மெல்லச் சொன்னார்: “கேட்டீங்களோ? போக மனமில்லை. அதுதான் பொய் சொல்லுறாள்.”

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரம் உண்மை சொன்னால், அதையும் பேய் சொன்னதாக்கிவிட்டார்கள். “நெல்லுக் குடுத்துக் கசிப்பு வாங்கினனான்! வைக்கல் போருக்குள்ள ஒளிச்சனான்!” என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு நிச்சயமாகியது. இரண்டு பெண்கள் என் கைகளைப் பிடித்தார்கள். மச்சாள் அழுதுகொண்டே சிரட்டையை என் வாயில் வைத்தா. “குடி என்ர தங்கம், குடிச்சால் போயிடுவாள்.” சாராயம் உதட்டில் பட்டது. பல்லைக் கிட்டித்துக்கொண்டு மூக்கால் அலறினேன்.

என் கணவர் வந்து சிரட்டையைப் பறித்தார்.

“விடுங்கோ அக்கா. கொத்தி இல்லை. அவதான் குடிச்சவ. எனக்குத் தெரியும்.”

“உனக்கென்னண்டடா தெரியும்?”

“வைக்கல் போருக்குள்ள போத்தல் கண்டனான். சஷ்டிக்கு முன்னமே.”

மச்சாள் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டா. “ஐயோ, என்ர கையாலயே ஊத்தினனே!” பூசாரியார் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். என் பக்கத்தில் வந்து நின்று, “எனக்குத் தெரியாது பிள்ளை. தெரிஞ்சிருந்தால் குடுத்திருக்கமாட்டன்” என்றார். நான் நம்பினேன்.

ஆனால் ‘சஷ்டிக்கு முன்னமே’ என்ற சொல் என் காதை விட்டுப் போகவில்லை. சனம் கலைந்ததும் கணவரிடம் கேட்டேன்.

“தெரிஞ்சுகொண்டோ எனக்கு வாங்கிக்கொண்டு வந்து தந்தீங்கள்?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “பேய் எண்டால் ஊர் பாவம் எண்டு சொல்லும். குடியெண்டால்...” மிச்சம் வரவில்லை. “பயந்திட்டன்” என்றார் கடைசியில்.

பதினொரு நாள் நான் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் கொத்தி வருவதைவிடப் பெரிய அதிசயம். நான் ஊருக்குப் பயந்ததுபோல அவரும் பயந்தார் என்பது புத்திக்கு விளங்கியது, மனதுக்கு விளங்கவில்லை. என் உயிரைவிடத் தன் மானம் பெரிதாகிவிட்டதா என்று உள்ளே கொதித்தேன். ஊரும் சும்மா இருக்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வாய்க்காலில் நான் இறங்கினால் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறினார்கள். ஒரு கல்யாண வீட்டிலிருந்து, பலகாரம் சுட நீ வரவேண்டாம், களைப்பாய் இருப்பாய் என்று இனிப்பாகச் சொல்லியனுப்பினார்கள். சாந்தி பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாள். ஏனென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் கிளினிக். ஈரலைப் பார்க்க, ஊசி போட. பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். சந்தைக்குப் போகிற சனம் இருபது பேர் நின்றது. எல்லாக் கண்ணும் எங்களில். எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த காணிக்காரர் ஒருவர் வாயைக் கோணிக்கொண்டு கேட்டார்.

“என்ன கந்தையாண்ணை, சோடியாய் எங்க பயணம்? ஆருக்கு என்ன வருத்தமாம்?”

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு அமுங்கியது. எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. ஈரல் வருத்தம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

“என்ர மனுசிக்குக் குடி வருத்தம்” என்றார் அவர், பஸ் நிற்கும் இடம் முழுக்கக் கேட்க. “சாராயத்தை வாங்கிக்கொண்டு வந்து குடுத்தவன் நான். ஊருக்குப் பயந்து குடுத்தனான். இப்ப அவ ஒரு சொட்டும் தொடுறேல்லை. ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போறம். வேற என்ன தெரியவேணும் உங்களுக்கு?”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். முன்கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கை வெடவெடவென்று நடுங்கியது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

“கொஞ்சம் மெதுவாச் சொன்னால் என்ன? கொழும்புக்கே கேட்டிருக்கும்.”

“கேக்கட்டும்” என்றார்.